கறையக்கா எடுக்காத கறை

சட்டைக் கையை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடி இரண்டு தரம் முகர்ந்து பார்த்தாள் கறையக்கா. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் விரித்தாள். சுண்டுவிரல் நகத்தால் கறையின் ஓரத்தை லேசாகச் சுரண்டி, ஒட்டியதைக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"காபியாம்! காபிக்கு எங்கேருந்து வந்துச்சு இந்தப் பிசுபிசுப்பு? இருமல் மருந்தான்னு போய்க் கேளு."

கவுன்ட்டர்க்காரம்மா போய்க் கேட்டுவிட்டு வந்தாள். இருமல் மருந்துதான். குழந்தைக்குக் கொடுக்கும்போது பாதிப் புட்டியைத் தன்மேல் கொட்டிக்கொண்டு, மனைவியிடம் காபி என்று சொல்லித் தப்பித்திருக்கிறார் அந்த மனிதர். அதே பொய்யை இங்கேயும் அவிழ்த்துவிட்டிருக்கிறார்.

"வைத்தியர்கிட்டயும் எங்கிட்டயும் பொய் சொன்னா கஷ்டம் அவங்களுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே பச்சை மூடி போட்ட புட்டியை எடுத்தாள்.

பெரிய சலவையகம் அது. முன்னால் கண்ணாடிக் கவுன்ட்டர், நடுவில் குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கும் நான்கு இயந்திரங்கள், பின்னால் இஸ்திரி மேஜைகள். கடைசியில், கூடத்தைத் தடுத்து எடுத்த ஓர் அறையில் கறையக்கா. ஒரு மேஜை, ஒரு ஜன்னல், பதினோரு புட்டிகள். எந்தப் புட்டியிலும் பெயர் கிடையாது. மூடியின் நிறத்தை வைத்துக் கை தானாகப் போய் எடுக்கும். முதலாளியின் மகன் ஒருமுறை நல்ல எண்ணத்தில் எல்லாவற்றுக்கும் அழகாகப் பெயர் ஒட்டி வைத்தான். மறுநாளே கறையக்கா அத்தனையையும் பிய்த்து எறிந்துவிட்டாள். படித்துப் பார்த்து எடுக்கப் போனால் கை தடுமாறுகிறதாம்.

இயந்திரத்துக்குப் பிடிபடாதது எல்லாம் இந்த மேஜைக்கு வரும். மை, ரத்தம், மசகு, மருந்து, உதட்டுச் சாயம். ஐம்பத்தெட்டு வயதில் அவள் பார்க்காத கறை இல்லை. அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பள ரசீதில் இருக்கிறது; வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. இஸ்திரிக்காரர் அவளைவிட இரண்டு வயது மூத்தவர். அவரும் அவளைக் கறையக்கா என்றே கூப்பிடுகிறார். அவள் அவரை அண்ணே என்கிறாள். இருவரில் யார் மூத்தவர் என்ற வழக்கு பல வருஷமாகத் தீராமல் கிடக்கிறது.

அவளுக்கு முகங்கள் ஞாபகம் இருப்பதில்லை. பஸ்ஸில் யாராவது சிரித்தால் அவள் பார்வை நேரே அவர்களுடைய காலருக்குத்தான் போகும். அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "ஓ, நீங்களா! மாதுளம்பழம்!" என்பாள். அவர்களும் மகிழ்ந்து போவார்கள். விருந்துக்குப் போனால் சாப்பிட மாட்டாள், எதிர்வரிசையில் சாப்பிடுகிறவர்களின் கரண்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள். "அதோ, சிந்தப் போறாரு பாரு" என்று பக்கத்தில் இருப்பவரின் காதில் சொல்வாள். சிந்திவிடும்.

சில சட்டைகள் குடும்பக் கதைகளோடு வரும். காலரில் வீட்டுக்காரி பூசாத நிறத்தில் சாயம் இருக்கும். கறையக்கா எடுத்துவிட்டு மடித்துக் கொடுத்துவிடுவாள். கவுன்ட்டர்க்காரம்மா வாயைத் திறந்தால், "நமக்கு எதுக்கு ஊரு வம்பு? நமக்கு வேலை துணியோட. மனுஷனோட இல்ல" என்று அடக்கிவிடுவாள்.

எந்தக் கறையைப் பற்றிக் கேட்டாலும் அரை மணி நேரம் பேசக்கூடியவள், இந்த நான்கு வருஷமாக ஒன்றைப் பற்றிக் கேட்டால் மட்டும் புட்டி மூடியைத் திருகிக்கொண்டு நிற்பாள். லில்லிப் பூவின் கறை.

வெள்ளை லில்லி பார்க்கப் பரம சாது. நடுவில் ஆறு தண்டுகள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் பழுப்பும் மஞ்சளுமாகத் தூள். அந்தத் தூள் துணியில் பட்டால் ஆபத்து. தட்டினால் பரவும், தண்ணீர் பட்டால் இன்னும் பரவும், சோப்புப் போட்டுத் தேய்த்தால் சட்டையையே மறந்துவிட வேண்டியதுதான். ஒட்டும் நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, துணிக்கு வலிக்காமல் ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். இதைக் கறையக்கா கற்றுக்கொண்டது கல்யாணமான இரண்டாவது வாரத்தில்.

அவள் கணவர் ஒரு விழா அரங்கில் நாற்காலி போடுகிறவர். முந்நூறு நாற்காலியைக் கயிறு பிடிக்காமல் கண்ணளவிலேயே வரிசையாகப் போட்டுவிடுவார். பேச்சு மட்டும் அளந்துதான் வரும். அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்து பூச்சாடிகளைக் காலி செய்யும்போது ஒரு லில்லியை உருவிச் சட்டைப் பைக்குள் தலைகீழாகச் செருகிக்கொண்டார். பஸ்ஸில் கூட்டம். வீட்டு வாசலில் நின்று, நசுங்கிய பூவை எடுத்து நீட்டி, "இந்தா" என்றார். அவ்வளவுதான் வசனம்.

புதுப்பெண் பூவைப் பார்த்துச் சிரித்தாள். சட்டைப் பையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவள் அப்போது இதே சலவையகத்தில் துணி மடிக்கும் வேலையில் இருந்தாள். கறையைப் பற்றி அரிச்சுவடிகூடத் தெரியாது. ஈரச் சோப்பைப் போட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். விரலளவு இருந்தது உள்ளங்கையளவு ஆனது. இருந்தது இரண்டே சீருடைச் சட்டை. அழுதுகொண்டே மறுநாள் வேலைக்கு அதைக் கொண்டுபோய், அன்றைக்குக் கறை மேஜையில் இருந்த கிழவரிடம் காட்டினாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். சட்டை தேறவில்லை. ஆனால் இவளுக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. இரண்டு வருஷத்தில் மடிப்பு மேஜையிலிருந்து கறை மேஜைக்கு மாறிவிட்டாள்.

அதன்பிறகு முப்பத்தோரு வருஷம், லில்லி கிடைத்த சனிக்கிழமைகளில் எல்லாம் அவர் பையில் ஒரு பூ வந்தது. கிடைக்காத வாரம் வெறும் கையோடு வருவார். மாற்றாக வேறு பூ கொண்டுவரமாட்டார். வந்ததும் அவரை வாசலிலேயே நிறுத்திவிடுவாள். சட்டையைக் கழற்றினால் தூள் உதிரும் என்பதால் போட்டிருக்கும்போதே எடுக்க வேண்டும் என்பது சட்டம். அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தையல்காரரிடம் அளவு கொடுக்கிறவர் போல நிற்பார். அவள் நாடாவை வெட்டி வெட்டி அவர் நெஞ்சில் ஒற்றி எடுப்பாள்.

"கையில புடிச்சுட்டு வந்தா கொறஞ்சா போயிடுவீங்க?"

"பஸ்ல சிரிப்பாங்க."

"பையில வச்சா மட்டும் அழுவாங்களா? அசையாதீங்க."

"அசையலையே."

"மூச்சு விடாதீங்க."

"அது எப்படி முடியும்?"

பத்து நிமிஷம் ஆகும். வேலையும் வீடுமாக ஓடிக்கொண்டிருந்த அந்த இருவரும் வாரத்தில் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டது அந்தப் பத்து நிமிஷம்தான். மகள் பிறந்து, வளர்ந்து, படித்து, வேறு ஊருக்கு வாழப் போனாள். சனிக்கிழமை மாலை வாசலில் நடக்கும் இந்தத் திட்டு மட்டும் மாறவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. கடைசி வரிசை நாற்காலியை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்து, சாய்ந்துவிட்டார். மருத்துவமனையில் ஒரு பையைக் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், செருப்பு, இரண்டு பொத்தான் அறுந்த நீலச் சட்டை. சட்டைப் பையில் நசுங்கிய லில்லி. பூ மூன்றாம் நாள் வாடி அழுகிக் குப்பைக்குப் போனது. சட்டைப் பையில் தூள் படிந்தது படிந்தபடி இருந்தது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் அரங்கின் பூ அலங்காரக்காரியும் ஒருத்தி. போகும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"பூவை மேஜையில வைக்கும்போதே அந்த ஆறு தலையையும் கிள்ளிடுவோம்க்கா. இல்லாட்டி விரிப்பெல்லாம் பாழாயிடும். அண்ணன் மட்டும் முன்கூட்டியே வந்து, எனக்கு ஒண்ணு கிள்ளாம வையும்மான்னு சொல்லிட்டுப் போவாரு. எங்கம்மா இந்தத் தொழிலைப் பாத்தப்பவே அப்படித்தான். எதுக்குன்னு கேட்டா சொல்லமாட்டாரு."

 கறையக்கா சத்தமாகச் சிரித்துவிட்டாள். துக்க வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "முப்பத்தோரு வருஷம் என்னை வேலை வாங்கியிருக்காரு பாரேன் இந்த மனுஷன்!" என்றாள்.  சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுவரை அழாமல் இருந்தவள் அன்றைக்குச் சாயங்காலம் வரை அழுதாள்.

அந்த ஆறு தலையைக் கிள்ளிவிட்டால் கறையே படாது என்பது அவளுக்கும் தெரியும். கறை மேஜைக்கு வந்த முதல் வருஷமே தெரியும். கடைக்கு வரும் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கவுன்ட்டர்க்காரம்மா ஒருமுறை கேட்டபோது, "சொல்லியிருந்தா அதோட நின்னிருக்குமே" என்று மட்டும் சொன்னாள்.

சட்டையை அவள் துவைக்கவில்லை. வெளிச்சம் பட்டால் லில்லிக் கறை வெளுக்கும் என்பதால் கறுப்பு உறையில் போட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். மாதம் ஒருமுறை உறையைத் திறந்து, தொடாமல் பார்த்துவிட்டு மூடிவிடுவாள். எடுக்க நினைத்தால் பத்து நிமிஷ வேலை. எடுக்கவும் இல்லை, எடுக்கமாட்டேன் என்று முடிவு செய்யவும் இல்லை. பாக்கி வேலை என்று ஒன்று இருக்கும்வரை அவரும் வாசலில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார் என்ற மாதிரி ஒரு நினைப்பு. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும்.

போன மாதம் உறையைத் திறந்தபோது காலரில் நான்கு பொத்தல்கள் இருந்தன. அக்குளில் இரண்டு. பூச்சி.

கறையக்கா அலமாரி முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வியர்வை ஏறிய துணியைத் துவைக்காமல் வைத்தால் பூச்சிக்கு விருந்து என்று எத்தனை வாடிக்கையாளர்களை அவள் வறுத்தெடுத்திருக்கிறாள்! அவளே அதைச் செய்திருக்கிறாள். இப்படியே விட்டால் இன்னும் ஆறு மாதத்தில் சட்டை சல்லடையாகிவிடும். துவைத்தால் தண்ணீர் பட்டுக் கறை கரைந்து பரவும். சட்டை பிழைக்க வேண்டும், கறை கலையக் கூடாது. முப்பத்துமூன்று வருஷமாகக் கறையை எடுக்கத் தெரிந்தவளுக்கு ஒரு கறையைக் காப்பாற்றத் தெரியவில்லை.

மகள் போனில் சொன்னாள்: "போட்டோ எடுத்து வச்சுக்கோயேம்மா. பெருசாப் போட்டு மாட்டிடலாம்."

"போட்டோவுல தூள் இருக்குமாடி?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் பூக்கடைக்குப் போய் மூன்று லில்லி வாங்கி வந்தாள். தன் மேஜையில் பழைய தலையணை உறைகளை விரித்து, பூவைத் தலைகீழாகப் பிடித்து, நன்றாக அழுத்தித் தேய்த்தாள். இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, கறையை எடுக்கிறதுக்குத்தானே உன்னை வச்சிருக்காங்க? நீ என்ன புதுசா உற்பத்தி பண்ற?"

"உங்க வேலையப் பாருங்கண்ணே."

"பாத்துட்டேன். இப்ப உன் வேலையப் பாக்குறேன்."

முதல் உறையில் கறையைச் சுற்றிப் பாலிதீன் கட்டி, நூலால் இறுக்கித் துவைத்தாள். நூலுக்கு அடியில் தண்ணீர் நுழைந்துவிட்டது. இரண்டாவதில் சுற்றிலும் மெழுகுவர்த்தியை உருக்கி வரப்புக் கட்டினாள். தண்ணீர் நின்றது, ஆனால் மெழுகே ஒரு புதுக் கறையாக உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது, நான்காவது, ஏழாவது. பத்து நாளில் மூன்று முறை பூ வாங்கினாள். கவுன்ட்டர்க்காரம்மா இஸ்திரிக்காரரிடம் கிசுகிசுத்தாள்: "தனியா இருந்து இருந்து இப்படி ஆயிட்டாங்க போல. பொண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்ணே."

இஸ்திரிக்காரர் மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "அந்தாளோட கடைசிச் சட்டைம்மா அது" என்றார். அவர் கிண்டல் செய்வது அன்றோடு நின்றது.

வழி சொன்னதும் அவர்தான். ஊசிநூலால் பூவேலை செய்கிற பெண்கள் துணியை இறுக்கிப் பிடிக்க இரண்டு மர வளையம் வைத்திருப்பார்களே, அதில் சட்டைப் பையை மாட்டித் தூக்கி நிறுத்திவிட்டு, மற்ற இடத்தை மட்டும் பஞ்சால் ஒற்றி ஒற்றிக் கழுவினால் என்ன? ஈரம் ஏறி வரும் என்றாள் அவள். ஏறி வருகிற ஈரத்தை விசிறி வைத்து விரட்டலாம் என்றார் அவர். எட்டாவது உறையில் செய்து பார்த்தார்கள். கறை அசையவில்லை.

போன வெள்ளிக்கிழமை மதியம், இயந்திரங்கள் எல்லாம் சாப்பாட்டு நேரத்துக்கு நின்றிருந்தபோது, கறுப்பு உறையிலிருந்து நீலச் சட்டை வெளியே வந்தது. கவுன்ட்டர்க்காரம்மா கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். இஸ்திரிக்காரர் மேஜை விசிறியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கறையக்கா பஞ்சை நனைத்தாள். காலர், கை, முதுகு, அக்குள். பஞ்சு ஒவ்வொரு முறையும் பழுப்பாகத் திரும்பி வந்தது. நான்கு வருஷத்து வியர்வை. அந்தப் பழுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றும்போது மட்டும் அவள் கை ஒரு நொடி தயங்கியது. அதுவும் அவருடையதுதானே. ஆனால் ஊற்றினாள். ஒரு முறை ஈரம் வளையத்தின் விளிம்பைத் தாண்டி விரற்கடை உள்ளே வந்துவிட்டது.

"காத்து! காத்து வைங்கண்ணே! இந்தப் பக்கம்!"

"வச்சிட்டேன்க்கா, கத்தாத. கை கடுக்குது."

ஈரம் நின்றது, பிறகு மெல்லப் பின்வாங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் சட்டை சுத்தமாக, பொத்தல்களோடு, காய்ந்து நின்றது. சட்டைப் பையில் பழுப்பும் மஞ்சளுமாக அந்தக் கறை அப்படியே இருந்தது. கவுன்ட்டர்க்காரம்மா கை தட்டினாள். கறையக்கா நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு மிடறு தண்ணீர் குடித்தாள்.

வளையத்தைக் கழற்றியபோதுதான் அதைப் பார்த்தாள். வெள்ளை மேஜை மேல் மிளகு நுணுக்கியது போலக் கொஞ்சம் தூள் சிந்திக் கிடந்தது. விசிறிக் காற்றில் உதிர்ந்தது. நான்கு வருஷம் தொடாமல் இருந்ததால் ஒட்டிக்கொண்டிருந்தது. இனி ஒவ்வொரு முறை எடுத்துப் பார்க்கும்போதும் கொஞ்சம் உதிரும். தொடாமல் வைத்தால் பூச்சி, தொட்டால் இது. அவள் விரல் நுனியால் அந்தத் தூளை ஒற்றி எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இஸ்திரிக்காரர் எதையும் கவனிக்காமல் சட்டையைத் தன் மேஜைக்கு எடுத்துப் போனார். அவருக்கு இது மரியாதையான வேலை. பெட்டியைச் சூடேற்றி, காலரைப் போட்டார், கைகளைப் போட்டார், முதுகைத் திருப்பிப் போட்டார். முன்பக்கம் வந்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டார்.

"பையை விட்டுடறேன்க்கா. கறை மேல சூடு காட்டக் கூடாது. நூலுக்குள்ள இறங்கிப் பிடிச்சுக்கும். அப்புறம் நீயே நெனச்சாலும் எடுக்க முடியாது."

"எடுக்கவே முடியாதா?"

"என்னைக் கேக்கிற? எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதானே."

கறையக்கா மேஜையைச் சுற்றி அவர் பக்கம் வந்தாள். "தள்ளுங்கண்ணே" என்றாள். அவர் தள்ளினார். அவள் சட்டையின் முன்பக்கத்தைக் கையால் நீவி, சுருக்கம் எடுத்து, பையின் நான்கு மூலையையும் நேராக்கினாள்.

"யக்கா, என்ன பண்ற? யக்கா!"

அவள் பெட்டியை எடுத்துச் சட்டைப் பையின் மேல் வைத்தாள். பிடியை இரண்டு கையாலும் பற்றி, குதிகாலை எக்கி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன் மேல் இறக்கினாள்.